குழாயடியில் கூடிய மலை

(மரைன் ஹில் காலனித் தமிழ்க் குடும்பங்களின் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

மேடையேறிப் பேசிப் பழகியவர் அல்லோம் நாம். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் எழுத்தர் வேலை ஏற்று, பயணிகளின் பெயரையும் வயதையும் படிவம் பார்த்துப் பதிவு செய்வதையே தொழிலாகக் கொண்டவர்க்குச் சொற்பொழிவு எங்ஙனம் வாய்க்கும்? அதிலும் இரயில் ஓடாத தீவில் இரயில்வே எழுத்தர்! இம்மலைப் பிள்ளைகள் நம்மைக் கண்டால், "மாமா, இரயில் எப்போது வரும்?" என்று கேட்டுச் சிரிப்பதுண்டு. இரயில் வாராது, ஆனால் மெயின்லாண்டு சென்று இறங்கியதும் ஏற வேண்டிய இரயிலுக்கு இங்கேயே இடம் பதிய வேண்டுமன்றோ? அதற்காக ஒரு முன்பதிவுக் கூண்டு, அக்கூண்டுக்குள் நாம்.

"நகர அமைப்பும் சமூகத் தொண்டும்" என்று விழாக் குழுவினர் தலைப்பு கொடுத்தனர். பெரிய தலைப்பு. கற்றவர்கள் பேச வேண்டியது. ஆயின் நாம் அறிந்த நகரம் இம்மலையளவே; நாம் அறிந்த தொண்டு நம் காலனியளவே. அவ்வளவில் நின்று பேசுகிறோம். இன்னொன்றும் முன்னதாகவே சொல்லி விடுகிறோம். 'நான்' என்னும் சொல் இவ்வுரையில் வாராது. செருக்கினால் அன்று, சொல்லப் போகும் நல்லதும் பொல்லாததும் தனியொருவர் செய்தன அல்ல என்பதனால்.

படிக்கட்டுத் திருப்பத்தில், பாதாம் மரத்தடியில் இருந்த பொதுக் குழாயை நாற்பது வயது கடந்தோர் மறந்திருக்க மாட்டீர்கள். இளைஞர்களுக்கு அஃது ஒரு துருப்பிடித்த இரும்புத் துண்டு. நமக்கோ அதுவே பள்ளிக்கூடம், பஞ்சாயத்து, செய்தித்தாள் எல்லாம்.

இத்தீவுகளில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை பொழிகிறது. எனினும் தை பிறந்தால் தொட்டி வற்றும். மலைச் சரிவில் விழுந்த மழை நில்லாது கடலுக்கு ஓடி விடுகிறது. 1973-இல் தனிக்காரி அணை கட்டிய பின்னும் மாசி, பங்குனியில் ஒரு நாள் விட்டு ஒரு நாளே தண்ணீர். அதுவும் சில வேளை நூல்போல் ஒழுகும். ஆகவே வரிசை. ஆள் நிற்க வேண்டுவதில்லை. குடம் நின்றால் ஆள் நின்றதாகக் கணக்கு. பித்தளைக் குடம் ஒரு வீடு, கைப்பிடி உடைந்த நீல வாளி ஒரு வீடு, மண்ணெண்ணெய் டின்னுக்கு மரக் கைப்பிடி அடித்தது இன்னொரு வீடு. பாத்திரத்தைக் கண்டே வீட்டைச் சொல்வோம்.

அவ்வரிசையில் நம்மவர் மட்டுமா நின்றனர்? வங்காளத்து அம்மையார் ஒருவர், ஸ்ரீகாகுளத்துத் தெலுங்கர், ராஞ்சியிலிருந்து காட்டு வேலைக்கு வந்தோரின் மக்கள், தலைமுறை தலைமுறையாய் இங்கேயே பிறந்த லோக்கல் பார்ன் குடும்பத்தார் எனப் பலர். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இத்தீவுகளின் மக்கள் ஏறத்தாழ 3,80,000. அவரில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்கு 15 பேர். அம்மொழிகள் யாவும் அக்குழாயடியில் இந்துஸ்தானியின் வழியே ஒன்றோடொன்று பேசின. இலக்கணம் பிழைத்த இந்துஸ்தானிதான். "பானி ஆயா?" என்று கேட்பதற்கு இலக்கணம் எதற்கு? நம் அன்னையார் ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து கப்பலில் மூன்று நாள் பயணம் செய்து வந்திறங்கியபோது தமிழன்றி ஒரு சொல்லும் அறியார். ஆறு மாதத்தில் வங்காள அம்மையாரோடு சண்டையிடும் அளவுக்குத் தேறினார். சண்டையிடத் தெரிந்த பின்னர்தான் உறவும் தொடங்கிற்று.

ஆம், சண்டை உண்டு, மறைப்பானேன்? குடத்தைத் தள்ளி வைத்தார் என்று தலைமுடி பிடித்ததும் உண்டு. குழாயடி சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. தலையில் குடமும் இடுப்பில் குடமுமாய் எழுபது படி ஏறிய தாய்மார்களைக் கேட்டால், அந்நாள் திரும்பவே வேண்டாம் என்பர். அவர்கள் சொல்வதே சரி. வீட்டுக்குள் தண்ணீர் வந்தது நன்மையே. அந்நன்மையோடு நம்மை விட்டுச் சென்றது யாது என்பதே நாம் எண்ண வேண்டுவது.

நிற்க.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணி 29 நிமிடம். நமக்கு அப்போது இருபத்து மூன்று வயது, வேலை இல்லை. மலை ஆடிற்று. சுவரிலிருந்த சாமி படங்கள் விழுந்தன. வெளியே ஓடி வந்தோர் அனைவரும் எங்கே சென்று நின்றனர்? யாரும் சொல்லாமலே குழாயடிக்குத்தான் சென்றனர். கால்கள் அறிந்த வழி அது. நின்ற பின் முதலில் நடந்தது எண்ணிக்கை. இந்த வீட்டார் வந்தாயிற்று, அந்த வீட்டுப் பாட்டி இன்னும் வரவில்லை என்று தாய்மார்கள் விரல் மடித்தனர். நடக்க இயலாத பாட்டியை நால்வர் கட்டிலோடு தூக்கி வந்தனர். பின்னர் பார்த்தால், கீழே கடல் தன் எல்லையை மறந்து பீனிக்ஸ் பே பக்கம் ஏறிக் கொண்டிருந்தது.

அந்நாளின் கதை உங்களுக்குத் தெரியும். தென் அந்தமானில் நிலமே ஏறத்தாழ ஒரு மீட்டர் அமிழ்ந்து, சிப்பிகாட் வயல்களில் கடல் நின்றது. இறந்தோரும் காணாமற்போனோருமாக இத்தீவுகளில் ஏறத்தாழ 3,500 பேர் என்பது அரசின் கணக்கு. கார் நிக்கோபாரிலிருந்து விமானத்திலும், ஹட் பே, காம்ப்பெல் பே முதலிய இடங்களிலிருந்து கப்பலிலும் மக்கள் வந்து இறங்கினர். கச்சால் தீவிலிருந்தும் வந்தனர். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த உடன்படிக்கைக்குப் பின், இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய நம்மவரில் சில குடும்பங்கள் அங்கே இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டிருந்தன. ஒரு கடலைக் கடந்து வந்தவரை இன்னொரு கடல் அடித்தது.

நம் காலனி யாது செய்தது? கூட்டம் கூட்டவில்லை, தீர்மானம் நிறைவேற்றவில்லை. அன்று பிற்பகலே குழாயடியில் மூன்று கல் வைத்து அண்டா ஏறிற்று. ஒரு வீட்டில் அரிசி, ஒரு வீட்டில் பருப்பு, வங்காள அம்மையார் வீட்டில் கடுகெண்ணெய். கடுகெண்ணெய்ச் சாம்பார் எப்படியிருக்கும் என்று கேட்காதீர்கள், பசித்தவர்கள் உண்டார்கள். யார் சமைப்பது, யார் சுமப்பது, யார் விறகு கொணர்வது என்று ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. யாரால் எது இயலும் என்பது பத்துப் பதினைந்து ஆண்டுத் தண்ணீர் வரிசையில் அனைவர்க்கும் தெரிந்தே இருந்தது. எவர் எழுபது படி ஏறுவார், எவர் ஏறார். எவரிடம் சாவியை நம்பிக் கொடுக்கலாம், எவரிடம் கொடுக்கலாகாது. இவையெல்லாம் முன்னரே தேர்ந்து முடிந்தவை.

நமக்குக் கிடைத்த வேலை எழுதுவது. பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஜெட்டிக்குச் சென்றோம். கப்பலில் இறங்கியோரின் பெயர், ஊர், தேடும் உறவினர் பெயர் ஆகியவற்றைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி, மாலையில் குழாயடியில் நின்று உரக்கப் படிப்போம். பதினோரு நாள் எழுதினோம். இன்றும் நம் கூண்டின் முன்னே ஒருவர் வந்து பெயர் சொல்கையில், அந்நோட்டு நினைவுக்கு வாராத நாளில்லை. பெயரைத் தப்பில்லாமல் எழுத வேண்டும் என்னும் அச்சம் அங்கே பிடித்தது; இன்னும் விடவில்லை.

அதன்பின் இரயில்வே வேலை கிடைத்து மெயின்லாண்டு சென்றோம். திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைக் காலனியில் பல்லாண்டு குடியிருந்தோம். வெள்ளையர் காலத்தில், 1920-களில், நாகப்பட்டினத்துத் தொழிற்சாலையை இடம் மாற்றியபோது அமைத்த காலனி அது. அகன்ற தெருக்கள், வரிசை வரிசையாய் வீடுகள், மரங்கள். பதவியின் படிப்படியே வீட்டின் அளவும் மாறும். யார் யார் பக்கத்தில் குடியிருப்பது என்பதைச் சம்பளப் பட்டியலே தீர்மானிக்கும். அதனால் காலனி பிளவுபட்டுக் கிடந்ததா எனில், இல்லை. சந்தை ஒன்று இருந்தது. சந்தையில் பெரிய உத்தியோகஸ்தர் வீட்டு அம்மையாரும் கலாசி வீட்டு அம்மையாரும் ஒரே கத்தரிக்காய்க் கூறுக்குப் பேரம் பேசுவர். வீடமைத்தவர் பிரித்து வைத்ததைச் சந்தை சேர்த்து வைத்தது.

மீண்டும் இத்தீவுக்கு மாற்றம் கேட்டு வந்தபோது, மலை வளர்ந்திருந்தது. ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின. மாடிதோறும் கறுப்புத் தொட்டி. படிக்கட்டின் பாதிப் பகுதி சிமெண்டுச் சாலையாகி, வண்டிகள் வாசல்வரை ஏறின. குழாயில் தண்ணீர் நின்று ஆண்டுகளாயிருந்தன. யாரும் அதனை அகற்றவுமில்லை, அழுததுமில்லை. நாமும் அழவில்லை. வந்த மறுவாரமே நாமும் ஒரு தொட்டி வாங்கி மாட்டினோம்.

இனிச் சொல்லப் போவது நம் குற்றம். 2019-ஆம் ஆண்டு மார்கழி மாதம். நம் வீட்டிலிருந்து நான்காவது வாசலில், மரவேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தனியே இருந்தார். மனைவியார் மறைந்து விட்டார், பிள்ளைகள் சென்னையில். ஒரு நாள் மாலை குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. இரண்டு இரவு, ஒரு முழுப் பகல் அங்கேயே கிடந்தார். மூன்றாம் நாள் காலையில் எரிவாயு உருளை கொணர்ந்த பையன் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்து, உள்ளிருந்து முனகல் கேட்டுக் குரல் கொடுத்தான். அப்போதுதான் நாம் ஓடினோம். அவ்விரண்டு நாளும் அவர் வாசலை நாம் நான்கு முறை கடந்திருக்கிறோம், வண்டியில். மருத்துவமனையில் அவர் நம்மைக் குறை கூறவில்லை. "கூப்பிட்டுப் பார்த்தேன் தம்பி. டி.வி. சத்தத்தில் உங்களுக்குக் கேட்டிருக்காது" என்றார். அவ்வளவே. அடுத்த ஆவணியில் காலமானார்.

கைப்பிடி உடைந்த நீல வாளி என்று முன்னர்ச் சொன்னோமே, அஃது அவருடையதுதான். குழாயடிக் காலத்தில் அவ்வாளி ஒரு காலை வரிசையில் இல்லையெனில், "வாளி எங்கே?" என்று ஒருவரேனும் கேட்டிருப்பார். அவரை அறியாதவர் காலனியில் எவரும் இல்லை. ஆயினும் வராததைக் கண்டுகொள்ள ஓர் இடம் இல்லாமற்போயிற்று.

இஃது இம்மலைக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்க நாட்டில் சிக்காகோ நகரில் 1995-ஆம் ஆண்டு ஜூலை மாதம் கடும் வெயில் அடித்தது. சில நாட்களில் 739 பேர் அவ்வெயிலால் மாண்டனர் எனக் கணக்கிட்டனர். தனியே வாழ்ந்த முதியோரே மிகுதி. எரிக் கிளினன்பெர்க் என்னும் சமூகவியல் அறிஞர் அந்நகரில் அடுத்தடுத்துள்ள இரு பகுதிகளை ஒப்பிட்டார். இரண்டிலும் வறுமை உண்டு. தனியே வாழும் முதியோரும் உண்டு. ஒரு பகுதியில் இலட்சம் பேருக்கு 40 பேர் மாண்டனர். சாலைக்கு மறுபுறத்திலோ இலட்சத்துக்கு 4 பேர். வெயில் இரு பக்கமும் ஒன்றுதானே? முதற்பகுதியில் கடைகள் மூடிக் கிடந்தன; மனைகள் பாழடைந்தன; அஞ்சி எவரும் வெளியே வாரார். மற்றதில் கடைத்தெரு கலகலப்பாய் இருந்தது, முதியோர் நடந்து சென்று காய் வாங்கினர், நின்று பேசினர். ஆகவே வாராதபோது தேடப்பட்டனர். இதனைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

இடம் மனிதரைச் சேர்க்கும், பிரிக்கவும் பிரிக்கும். பிரிப்பதற்கென்றே கட்டிய இடத்தைக் காண நாம் சிக்காகோ செல்ல வேண்டா. அதுவும் நம் ஊரிலேயே இருக்கிறது. 1906-இல் கட்டி முடித்த செல்லுலர் சிறை, நடுவே ஒரு கோபுரம், சக்கரத்து ஆரங்கள்போல் அந்நாளில் ஏழு சிறகுகள். ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகையே பார்க்கும். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைக் காணலாகாது என்பதே கட்டியவர்களின் கருத்து. செங்கல்லால் கட்டிய மௌனம். எனினும் 1933-இல் அதே அறைகளில் இருந்தோர் ஒன்றுபட்டு உண்ணாநோன்பு இருந்தனர். மூவர் உயிர் துறந்தனர். அதன்பின் கிடைத்த சலுகைகளைக் கொண்டு அச்சிறைக்குள்ளேயே கூடிப் படித்தனர். அத்துணைச் சுவர் எழுப்பியும் பிரிக்க முடியவில்லை. நாமோ சுவரே இல்லாமல், ஒரு தொட்டியும் ஒரு தொலைக்காட்சியும் கொண்டு பிரிந்து விட்டோம். சொல்லவே வெட்கமாயிருக்கிறது.

இம்மலையிலேயே அதற்கு நேர்மாறான கட்டடமும் உண்டு. சார்லஸ் கொரியா என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் அமைத்து, 1982-இல் முடிந்த பே ஐலண்டு விடுதியைச் சொல்கிறோம். நம் காலனியார்க்கு அதில் தங்க வசதியில்லை. உள்ளே சென்று நோக்கலாம். மலையை வெட்டிச் சமன் செய்யாமல், சரிவோடு சரிவாய்ப் படிப்படியாக இறங்கிக் கடலை நோக்கித் திறந்து நிற்கிறது. 1985-இல் அவர் எழுதி வெளியிட்ட நூலொன்றில், நம் நாட்டு எளிய மக்களுக்கு வேண்டிய இடம் நான்கு வகை என்கிறார். சமைக்கவும் உறங்கவும் வீட்டின் உட்பகுதி. பிள்ளைகள் ஆடவும் அண்டை வீட்டாரோடு பேசவும் வாசற்படி. மூன்றாவதாகக் கிணற்றடி அல்லது குழாயடி. நான்காவது ஊர் முழுதும் கூடும் மைதானம். இந்நான்கும் ஒன்றையொன்று தாங்குவன. ஒன்று குறைந்தால் மற்றொன்று ஈடு செய்ய வேண்டும். பெரிய மனிதர் ஒருவர் குழாயடியை ஏட்டில் எழுதி வைத்தாரே என்று நமக்கு ஒரு மகிழ்ச்சி.

நம் கணக்கைப் பார்ப்போம். முதலாவது இருக்கிறது, முன்னினும் பெரிதாக இருக்கிறது. நான்காவதும் இருக்கிறது: நேதாஜி 1943-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் கொடியேற்றிய ஜிம்கானா மைதானம், மெரினா பூங்கா, பங்குனி உத்திரத்தன்று காவடிகள் ஆடிச் செல்லும் சாலை. நடுவிலுள்ள இரண்டுமே போயின. தாயகத்து வீட்டில் திண்ணை என்று ஒன்று இருந்ததே, அதன் இடத்தில் இங்கே இரும்புக் கதவு. சிங்கப்பூரில் உறவினர் உடையோர் அங்குள்ள அரசுக் குடியிருப்புகளைக் கண்டிருப்பீர்கள். 1970-களிலிருந்தே அடுக்கு வீட்டின் தரைத்தளத்தை வெறுமையாய் விட்டு வைத்தனர். அங்கேதான் மலாய்க்காரர் திருமணமும் சீனர் துக்கமும் நடக்கின்றன. முதியோர் சதுரங்கம் ஆடுகின்றனர். நிலத்துக்கு அத்துணை நெருக்கடியுள்ள ஊரிலேயே வெற்றிடம் வேண்டுமென்று விட்டிருக்கின்றனர்.

இடம் இருந்தால் போதுமா எனில், போதாது. நம் சங்கக் கட்டடமே சான்று. இடம் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. ஆண்டு விழாவுக்கும் பொங்கலுக்கும் திறப்போம். இடையே திருமணத்துக்கு வாடகைக்கு விடுவோம். தொண்டு என்று நாம் இப்போது செய்வது யாது? இரத்ததான நாளில் பதாகை கட்டுகிறோம். கடற்கரையைத் துப்புரவு செய்யும் நாளில் ஒரே நிறச் சட்டை அணிந்து படம் எடுத்துக்கொள்கிறோம். அவை வேண்டா என்று சொல்லவில்லை. ஆனால் அன்று அருகில் நின்று குப்பை பொறுக்கியவரின் பெயர் மறுநாள் நமக்குத் தெரிகிறதா?

நம் முன்னோர் குடிமராமத்து என்று ஒரு வழக்கம் வைத்திருந்தனர். ஏரியும் கண்மாயும் ஊருக்குப் பொது. ஆண்டுதோறும் வீட்டுக்கு ஓராள் மண்வெட்டியுடன் சென்று வாய்க்கால் தூர்வார வேண்டும். கம்பெனி ஆட்சியின் இறுதியில், 1858-இல், அவ்வேலையைக் கட்டாயமாக்கிச் சென்னை மாகாணத்தில் சட்டமே இயற்றினர். சட்டம் வந்தது, வழக்கம் தேய்ந்தது. 2017-இல் தமிழ்நாட்டு அரசு 100 கோடி ரூபாய் ஒதுக்கி அதே பெயரில் 1,519 பணிகளைத் தொடங்கிற்று. ஏரிகள் தூர்வாரப்பட்டன; நன்று. ஆனால் பழைய வழக்கில் தூர்வாருதலோடு இன்னொன்றும் நடந்தது. ஓராண்டு பேசாதிருந்த பங்காளிகள் அடுத்தடுத்து நின்று மண் சுமந்தனர். கூடை கைமாறும்போது ஒரு சொல்லும் கைமாறிற்று. அதனைப் பணம் ஒதுக்கிச் செய்விக்க இயலாது.

பெரியவர் மறைந்தபின் நாங்கள் சிலர் கூடி, தனித்து வாழும் முதியோர் வீடுகளுக்கு முறை வைத்துச் சென்று பார்ப்பது என முடிவு செய்தோம். காலனியில் அத்தகைய வீடு பதினான்கு. அட்டவணை போட்டோம், அட்டவணை போடுவதில் இரயில்வேக்காரரை வெல்ல யார் உளர்? முதல் மாதத்திலேயே தோற்றோம். கதவைத் தட்டினால், "என்ன விஷயம் தம்பி?" என்று கேட்கின்றனர். விஷயம் ஒன்றும் இல்லை. நீங்கள் உயிரோடிருக்கிறீர்களா என்று பார்க்க வந்தோம் என்று எப்படிச் சொல்வது? அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். வங்காள அம்மையார், இப்போது எண்பதைக் கடந்தவர், வாய்விட்டே சொன்னார்: "ஏன் இப்படிக் காவல்காரன் மாதிரி வருகிறாய்? உனக்கு வேலை இருந்தால் வா, எனக்கு வேலை இருந்தால் நான் வருகிறேன்." குழாயடியில் கற்ற இந்துஸ்தானியில்தான் சொன்னார்.

அச்சொல்லே வழி காட்டிற்று. தண்ணீர் என்று ஒரு வேலை இருந்ததால்தான் அந்நாளில் கூடினோம். உறவு அவ்வேலையின் நிழலில் தானே வளர்ந்தது. ஆகவே வேலை ஒன்றைக் குழாயடிக்குக் கொண்டு வந்தோம். ஞாயிறுதோறும் காலை ஆறு மணிமுதல் எட்டு மணிவரை, பாதாம் மரத்தடிக் கல் இருக்கையில் நாம் அமர்வோம். விண்ணப்பம் எழுத வேண்டியோர் வரலாம். கப்பல் சீட்டுக்கு, இரயில் சீட்டுக்கு, குடும்ப அட்டையில் பெயர் திருத்த. நவம்பர் மாதத்தில் ஓய்வூதியம் பெறுவோர் உயிரோடிருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டுமல்லவா? அதற்குக் கைப்பேசியில் வழி செய்ய இரண்டு கல்லூரி மாணவர் வருகின்றனர். காலை நேரத்தை ஏன் வைத்தோம் எனில், டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே நமக்கு இருட்டி விடுகிறது. மெயின்லாண்டுக்காரர் நேரத்தில் நம் சூரியன் மறைந்தால் நாம் என் செய்வது!

முதல் ஞாயிறு வந்தவர் இருவர். மழை வேறு. ஆறாம் ஞாயிறு பன்னிருவர். இப்போது விண்ணப்பம் எழுத வேண்டாதவர்களும் வருகின்றனர். ஒருவர் தேநீர்க் குடுவை கொணர்கிறார். கீழ் வீட்டுச் சிறுவன் தன் கணக்குப் புத்தகத்தோடு வருகிறான். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் அவனைப் பிடித்துக்கொண்டார். சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிறு, வழக்கமாய் வரும் ஓர் அம்மையார் வரவில்லை. "எங்கே?" என்று மூவர் ஒரே நேரத்தில் கேட்டனர். சென்று பார்த்தால் காய்ச்சல். நினைவு தப்பும் நிலை. ஒன்பது மணிக்குள் மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. அவர் இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்து, பெயரைச் சொல்லி விடாதே என்று நமக்குச் சைகை காட்டுகிறார்.

இனி, இப்பேச்சை நாம் ஒப்புக்கொண்டதற்கு உண்மைக் காரணத்தைச் சொல்லி விடுகிறோம். அடுத்த மாதப் பொதுக்குழுவில், அக்குழாயடித் திடலைச் சமன்படுத்தி இரு சக்கர வண்டிகள் நிறுத்துமிடம் ஆக்குவது என்று ஒரு தீர்மானம் வருகிறது. கொண்டு வருவோர் நம் இளைஞர்களே. அவர்கள் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இம்மலைச் சரிவில் வண்டி நிறுத்த இடமே கிடையாது. இரவில் ஓரத்தில் நிறுத்திய வண்டிகள் இரண்டு உருண்டு பள்ளத்தில் விழுந்தன. வேலைக்குச் செல்லும் பெண்களுக்கும் வண்டி இன்றியமையாதது. நம் வண்டியும் அவ்வோரத்தில்தான் நிற்கிறது. ஆகவே நாம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

நாம் கேட்பது பத்தடி. திடலை நாமே நாடா வைத்து அளந்தோம்: சாலையோரம் நீளம் அறுபத்து நான்கு அடி, உள்ளே அகலம் இருபத்தெட்டு. சாலைப் பக்கத்துப் பதினெட்டு அடியை வண்டிகளுக்கு விட்டால் இரு வரிசையாக ஐம்பது வண்டிகள் நிற்கும். இப்போது மலையில் உள்ளவை நாற்பத்து மூன்று. மலைப் பக்கத்துப் பத்தடியில் மரமும், கல் இருக்கையும், குழாயும் இருக்கட்டும். அக்குழாயில் மீண்டும் ஓர் இணைப்புக் கொடுக்க நகராட்சிக்கு விண்ணப்பம் எழுதி வைத்துள்ளோம். படியேறும் தபால்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் ஒரு கை தண்ணீர் குடிக்கலாம். கையெழுத்துகள் வேண்டும். தமிழர் கையெழுத்து மட்டும் போதாது. வங்காளர், தெலுங்கர், அனைவர் கையெழுத்தும் வேண்டும். தாள் வாயிலருகே மேசை மேல் இருக்கிறது.

எதிர்த்து வாக்களிக்க எண்ணும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாக்களிக்கும் முன் ஒரே ஒரு ஞாயிறு வந்து அமர்ந்து பாருங்கள். வரும் ஞாயிறே வரலாம். அன்று விண்ணப்பம் எழுதுவதோடு, மழையில் சரிந்த மேல் பன்னிரண்டு படிகளின் மண்ணையும் அள்ளப் போகிறோம். சங்கத்தில் மண்வெட்டி இரண்டே உள்ளன. அவற்றிலும் ஒன்றுக்குப் பிடி ஆடுகிறது. வீட்டில் இருப்பவர் எடுத்து வரவும். கூடை வேண்டும். தேநீருக்கு ஏற்பாடு உண்டு; சர்க்கரை வேண்டாதோர் முன்னரே சொல்லி விடுங்கள். ஆறு மணிக்குத் தொடங்குவோம்.